பிரேக்கர் போட்டும் தளம் ஏன் படுத்தது?

இணையத்தில் பொருள் விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் பேக்எண்ட் இன்ஜினியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார். விஷயம் மட்டும் இங்கே.

செக்அவுட், கார்ட், லாகின், ஆர்டர் வரலாறு எல்லாம் ஜாவாவில் எழுதிய ஒரே ஸ்பிரிங் பூட் சர்வீஸில் இருக்கின்றன. குபர்நெட்டிஸ் என்ற மேலாண்மை அமைப்பில் அதன் நான்கு பிரதிகள் (பாட்கள்) ஓடுகின்றன. உச்ச நேரத்தில் ஒரு பாட்டுக்கு வினாடிக்குச் சுமார் 40 செக்அவுட். ஒவ்வொன்றிலும் கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயை (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) அழைத்து, பின்கோடுக்கான டெலிவரி கட்டணம் வாங்குகிறார்கள். சராசரியாக 300 மில்லிவினாடியில் பதில் வரும். நூற்றுக்கு 99 அழைப்புகள் 800 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். சென்ற மாதம் ஓர் இரவு கூரியர் சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டது, ஆனால் பதில் எதுவும் தரவில்லை. சில வினாடிகளில் செக்அவுட் மட்டுமல்ல, லாகின் உட்பட எல்லாமே நின்றுபோய், வாடிக்கையாளர்களுக்கு "பதில் வரவில்லை" என்னும் 504 பிழைப் பக்கம் வந்தது. பாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆயின. டேட்டாபேஸ் சும்மா இருந்தது. ஆனால் லாக் முழுக்க "கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிவினாடி காத்திருந்தேன்" என்ற, டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்துதரும் ஹிக்காரியின் பிழை.

இத்தனைக்கும் அந்த அழைப்பின் மேல் ரெசிலியன்ஸ்4ஜே லைப்ரரியின் சர்க்கியூட் பிரேக்கர் இருந்தது: மூடியிருந்தால் அழைப்புகள் போகும், தோல்விகள் கூடினால் திறந்துகொண்டு அழைப்புகளைத் தடுக்கும். அது கடைசிவரை "மூடியது" என்றே காட்டியது. சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் 20 அழைப்புகளை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்த்தபோதும் திறக்கவில்லை. தோல்வி விகிதம் −1 என்று வந்தது. லைப்ரரியில் பக் இருக்கிறதோ என்பது அவர் சந்தேகம். இதற்கு இரண்டு வாரம் முன்னால், கூரியர் நன்றாக இருந்த ஒரு மதியத்தில் அதே பிரேக்கர் தானாகத் திறந்து ஒரு நிமிடம் எல்லாரையும் தடுத்திருக்கிறது. டீம் லீட் "கோடிலிருந்து எடுத்துவிடு, சர்வீஸ் மெஷ் பார்த்துக்கொள்ளும்" என்கிறார் (சர்வீஸ்களுக்கு இடையிலான வலைப் போக்குவரத்தைக் கவனிக்கும் தனி அடுக்கு அது). இன்னொருவர் பிரேக்கர் நிலையை எல்லா பாட்களும் பகிரும் ரெடிஸ் தரவுச் சேமிப்பில் வைக்கலாம் என்கிறார். பேமெண்ட் அழைப்புக்கும் ரீட்ரையோடு (தோற்றால் மறுபடி முயல்வது) பிரேக்கர் போடச் சொல்லி மேலிடத்து அழுத்தம் வேறு. தீபாவளி விற்பனைக்கு ஆறு வாரம் இருக்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

லைப்ரரியில் பக் இல்லை. நீங்கள் அதனிடம் எதிர்பார்த்தது அதன் வேலையே அல்ல. சர்க்கியூட் பிரேக்கர் முடிந்த அழைப்புகளை மட்டும்தான் எண்ணும். வெற்றியோ தோல்வியோ, ஒரு முடிவு வந்தால்தான் அதன் கணக்கில் ஒரு வரி ஏறும். தொங்கிக்கொண்டிருக்கும் அழைப்பு அதற்கு நடக்காத அழைப்பு. "மெதுவான அழைப்பு" என்று ஓர் அளவுகோல் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் அழைப்பு முடிந்த பிறகு அளப்பதுதான். பாதியில் போய் அறுத்துவிடாது.

உங்கள் அழைப்பு முடியவே வழியில்லை. வெளி ஏபிஐயை அழைக்கும் ரெஸ்ட் டெம்ப்ளேட்டை நேராக 'நியூ' போட்டு உருவாக்கியிருக்கிறீர்கள். அப்படி உருவாக்கினால் இணைக்கவும் சரி, படிக்கவும் சரி, டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற எல்லை) எதுவும் கிடையாது. "என்ஜின்எக்ஸ் 60 வினாடியில் அறுத்துவிடுகிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 60 வினாடி, உங்கள் சர்வீஸுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வரின் பொறுமைக்கான எல்லை. அது வாடிக்கையாளருக்கு 504 கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே டாம்கேட் சர்வரின் த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பணியாள் போன்றது) கூரியரின் பதிலுக்காக அப்படியே உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் ரீஃப்ரெஷ் அடித்தால் இன்னொரு த்ரெட் போய்ப் பக்கத்தில் உட்காரும்.

முதலில் தீர்ந்தது எது

ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை ஆகும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நல்ல நாளில் 40 × 0.3, அதாவது 12. ஆகும் நேரம் முடிவில்லாமல் நீண்டால் எந்தப் பூலும் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகள் அல்லது த்ரெட்களின் தொகுப்பு) தாங்காது. எது முதலில் தீரும் என்பதுதான் கேள்வி.

உங்கள் கோடில் ஆர்டர் போடும் மெத்தட் முழுவதும், டேட்டாபேஸ் இணைப்பை முடியும்வரை பிடித்திருக்கும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கிறது. கூரியர் அழைப்பு அதன் நடுவில். ஆகவே கூரியருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் கையில் ஒரு டேட்டாபேஸ் இணைப்பையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஹிக்காரி பூல் 20 என்கிறீர்கள். 20 ÷ 40 என்றால் அரை வினாடி. அரை வினாடியில் பூல் காலி. அதன் பிறகு வந்த லாகின், ஆர்டர் வரலாறு எல்லாம் இணைப்புக்காக 30 வினாடி வரிசையில் நின்றன. நிற்கும்போது ஆளுக்கொரு டாம்கேட் த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. டாம்கேட்டின் 200 த்ரெட் தீர, செக்அவுட் கோரிக்கைகள் மட்டும் வந்தாலே 5 வினாடி போதும். டேட்டாபேஸ் சும்மா இருந்தும் கனெக்‌ஷன் இல்லை என்று பிழை வந்த மர்மம் இவ்வளவுதான்.

எனவே பூலை 40 ஆக்கும் யோசனையை விடுங்கள். அரை வினாடி ஒரு வினாடியாகும், அவ்வளவே. செய்யவேண்டியது கட்டணத்தை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே, முன்கூட்டியே வாங்கிவிட்டு, பிறகு டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது. கூடவே ஸ்பிரிங் பூட்டின் 'ஓப்பன் இன் வியூ' அமைப்பை அணைத்துவிடுங்கள். சொல்லாவிட்டால் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும். முதல் குவெரிக்குப் பிறகு கோரிக்கை முடியும்வரை இணைப்பைப் பிடித்துவைக்கும். அதை விட்டுவைத்தால் டிரான்சாக்‌ஷனைப் பிரித்த பலன் கிடைக்காது.

ரீஸ்டார்ட்டுக்கும் இதே காரணம்தான். பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் கேட்கும் லைவ்னஸ் புரோப் அதே போர்ட்டில், அதே 200 த்ரெட்களிடம் போய்க் கேட்கிறது. நீங்கள் மாற்றாவிட்டால் 1 வினாடிதான் காத்திருக்கும், 10 வினாடிக்கு ஒருமுறை கேட்கும், தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் கன்டெய்னரைக் கொன்றுவிடும். புதிதாக எழுந்தது மறுபடி சில வினாடியில் நிரம்பும். பிரேக்கரின் கணக்கு மெமரியில் இருப்பதால் ரீஸ்டார்ட்டோடு அதுவும் அழிந்துபோகும். சர்வீஸின் நலத்தைச் சொல்லும் ஆக்சுவேட்டருக்குத் தனி மேனேஜ்மெண்ட் போர்ட் கொடுங்கள். லைவ்னஸுக்கு மொத்த ஹெல்த் முகவரி வேண்டாம், அதற்கென்றே உள்ள லைவ்னஸ் முகவரியைக் காட்டுங்கள். பிரேக்கர் திறந்தால் ஹெல்த்தும் விழட்டும் என்ற அமைப்பை 'ஆம்' என்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடனே எடுங்கள். இல்லையென்றால் கூரியர் படுத்ததற்காக உங்கள் நான்கு பாட்களையும் நீங்களே கீழே இறக்குவீர்கள்.

டைம்அவுட், பல்க்ஹெட், அதன் பிறகு பிரேக்கர்

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். கீழே வரும் எண்கள் உங்கள் கடிதத்தில் உள்ள வேகத்துக்கும் நேரத்துக்கும் போட்டவை. வேறு சர்வீஸுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

ரெஸ்ட் டெம்ப்ளேட்டின் அடியில் அப்பாச்சி எச்டிடிபி கிளையண்டைப் பொருத்தி, மூன்று டைம்அவுட்களை வையுங்கள். இணைப்பு ஏற்பட 1.3 வினாடி: லினக்ஸில் இணைப்பு கேட்கும் முதல் சின் பாக்கெட் தொலைந்தால் 1 வினாடி கழித்துத்தான் மறுபடி போகும், அதற்கு இடம் விடத்தான் அந்தக் கூடுதல் 0.3. பதில் படிக்க 2 வினாடி. உங்கள் 800 மில்லிவினாடியைப் போல இரண்டரை மடங்கு. மூன்றாவதைத்தான் பலர் மறப்பது: கிளையண்டின் சொந்த இணைப்புப் பூலில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நேரம். அது 200 மில்லிவினாடி போதும். ஐந்தாம் பதிப்பில் அது தானாக 3 நிமிடமாக இருக்கிறது. அந்தப் பூலில் ஒரு முகவரிக்கு 5 இணைப்புதான் என்பதும் அதன் இயல்பு அளவு. உங்களுக்கு நல்ல நாளிலேயே 12 வேண்டும், ஆகவே 30 என்று உயர்த்துங்கள்.

படிக்கும் டைம்அவுட் என்பது மொத்த நேரம் அல்ல, இரண்டு படிப்புகளுக்கு இடைப்பட்ட மௌனம். எதிர்ப்பக்கம் வினாடிக்கு ஒரு பைட் என்று சொட்டினால் 2 வினாடி எல்லை ஒருபோதும் எட்டாது. கூரியர் ஏபிஐயில் இது அபூர்வம். மூன்று இலக்க பைட் பதிலில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது பல்க்ஹெட், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு போகலாம் என்ற உச்சவரம்பு. எண்ணி மட்டும் அனுமதிக்கும் செமஃபோர் வகை போதும். 30 என்று வையுங்கள், காத்திருப்பு நேரம் பூஜ்யம். கூரியர் செத்தாலும் 200 த்ரெட்டில் 30 மட்டுமே மாட்டும், 170 மற்ற வேலைகளைப் பார்க்கும். சொல்லப்போனால் அந்த இரவில் தளத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இதுவும் டைம்அவுட்டும்தான்.

அதன் பிறகு பிரேக்கர். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டதால் கடைசி 100 அழைப்புகளின் சாளரம், குறைந்தது 100 அழைப்பு சேர்ந்த பிறகே தீர்ப்பு, 50 சதவீதம் தோற்றால் திறப்பு, திறந்தால் 60 வினாடி, மெதுவான அழைப்பு என்றால் 60 வினாடிக்கு மேல் என்ற அளவுகள் நடப்பில் இருந்தன. ஸ்டேஜிங்கின் −1 இதிலிருந்து வந்ததுதான்: 20 அழைப்பு 100-ஐ எட்டவில்லை, "விகிதம் சொல்லப் போதிய தரவு இல்லை" என்பதற்கு அது −1 போடும். (அழைப்பும், பிரேக்கரைப் பூட்டும் அனோட்டேஷன் குறியும் ஒரே கிளாஸுக்குள் இருந்தால் ஸ்பிரிங்கின் இடைத்தரகரான பிராக்ஸியைத் தாண்டிப்போய் பிரேக்கர் வேலையே செய்யாது, அப்போதும் −1தான் வரும். ஆனால் உங்களுடையது ஒருமுறை திறந்திருக்கிறது, எனவே இது இல்லை.)

தொடங்குவதற்கு: எண்ணிக்கைச் சாளரம் 50, குறைந்தபட்சம் 20, தோல்வி 50 சதவீதம், மெதுவென்றால் 1.5 வினாடிக்கு மேல், மெதுவானவை 60 சதவீதம் ஆனால் திறப்பு, திறந்த நிலை 10 வினாடி, பாதி திறந்த நிலையில் (அந்த 10 வினாடிக்குப் பிறகு சில அழைப்புகளை மட்டும் விட்டுப் பார்க்கும் கட்டம்) சோதனை அழைப்பு 5.

கடைசி இத்தனை வினாடி என்று எண்ணும் நேரச் சாளரம் நவீனமாகத் தெரியும். உங்கள் போக்குவரத்துக்கு அது மந்தம். 10 வினாடிச் சாளரத்தில் ஏற்கெனவே 400 நல்ல அழைப்புகள் கிடக்கும். கூரியர் தொங்கிய பிறகு பல்க்ஹெட் வழியாக வினாடிக்கு 15 தோல்விதான் வந்து சேரும் (30 இடம், ஆளுக்கு 2 வினாடி). பழைய நல்லவை வெளியேறி பாதிக்குப் பாதி ஆக ஏறத்தாழ 8 வினாடி பிடிக்கும். எண்ணிக்கைச் சாளரம் 50 என்றால் 25-ஆவது தோல்வி விழும்போதே, அதாவது சுமார் 2.6 வினாடியில் திறந்துவிடும்.

60 வினாடியை 10 ஆக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: விற்பனை நாளில் கூரியர் 5 வினாடி தடுமாறியதற்கு நீங்கள் ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்பது அதிகம். பாதி திறந்த நிலையில் அனுப்பும் சோதனை அழைப்புகள் முடியும்வரை மற்ற எல்லாம் மறுக்கப்படும்; அந்த ஐந்தும் டைம்அவுட் இல்லாமல் தொங்கினால் பிரேக்கர் அங்கேயே உறைந்துவிடும். எங்கே சுற்றினாலும் டைம்அவுட்டிடம்தான் வந்து நிற்கிறோம்.

அந்த மதியம் அது ஏன் திறந்தது

நீங்கள் அனுப்பிய லாக் துண்டில் விடை இருக்கிறது: அந்த இரண்டு நிமிடமும் கூரியரிடமிருந்து வரிசையாக "கேள்வி தப்பு" என்னும் 400 பிழை. யாரோ தப்பான பின்கோடுகளோடு உங்கள் தளத்தைத் துழாவியிருக்கிறார்கள். ரெஸ்ட் டெம்ப்ளேட் 400-ஐயும் எக்ஸெப்ஷனாக, அதாவது பிழை அறிவிப்பாக, எறியும். வேறு சொல்லாவிட்டால் பிரேக்கர் எல்லா எக்ஸெப்ஷனையும் தோல்வியாகவே எண்ணும். கூரியர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னது, கேள்விதான் தப்பு.

400, 404, 422 மூன்றையும் 'கண்டுகொள்ளாதே' பட்டியலில் சேருங்கள். 4-இல் தொடங்கும் வரிசை முழுவதையும் சேர்த்துவிடாதீர்கள். 429 அதற்குள்தான் இருக்கிறது. "கொஞ்சம் நிறுத்து" என்று எதிர்ப்பக்கம் வெளிப்படையாகச் சொல்லும்போது அதைத் தோல்வியாக எண்ணி விலகுவதுதான் முறை. பல்க்ஹெட் நிரம்பியதற்கான எக்ஸெப்ஷனையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லுங்கள். வழக்கமான அடுக்கில் பிரேக்கர் வெளியேயும் பல்க்ஹெட் உள்ளேயும் இருப்பதால், உங்கள் பக்கம் கூட்டம் ஏறியதற்குக் கூரியர் மேல் பழி விழும். நீங்கள் பயன்படுத்தும் மூன்று கூரியர்களுக்கும் ஒரே பிரேக்கர் பெயரைக் கொடுத்திருப்பதையும் மாற்றுங்கள். ஒருவர் படுத்தால் மூவரையும் அது தடுக்கும். ஆளுக்கொரு பிரேக்கர், ஆளுக்கொரு பல்க்ஹெட். மூன்றுக்கும் முப்பது முப்பதாக 90 போனாலும் த்ரெட் 110 மிச்சம்.

திறந்திருக்கும்போது வாடிக்கையாளருக்கு என்ன காட்டுவது என்பது வணிகப் பிரிவு எடுக்கவேண்டிய முடிவு, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். என் பரிந்துரை: பின்கோடு மண்டலவாரியான கட்டண அட்டவணையை இரவுதோறும் எடுத்து பாட்டின் மெமரியிலேயே வைத்திருங்கள், அதிலிருந்து கட்டணம் சொல்லுங்கள், ஆர்டரின் பதிவில் "மதிப்பீடு" என்று குறித்துவையுங்கள். பூஜ்யம் என்று காட்டாதீர்கள். டெலிவரியின்போது பணம் வாங்கும் வசதி அந்தப் பின்கோடுக்கு உண்டா என்று தெரியாத நிலையில் அந்த வசதியை மட்டும் மறைத்துவிடலாம்.

ரீட்ரை

ரெசிலியன்ஸ்4ஜே ஸ்பிரிங்கில் ரீட்ரை பிரேக்கருக்கு வெளியே சுற்றிக்கொள்ளும். இதில் இரண்டு கண்ணிகள். பிரேக்கர் திறந்து "போகாதே" என்று எறிந்தாலும் ரீட்ரை அதைச் சாதாரணத் தோல்வியாக நினைத்து 500 மில்லிவினாடி வீதம் இரண்டு முறை காத்திருக்கும். உடனே விடுபட வேண்டிய த்ரெட் 1 வினாடி சும்மா நிற்கும், 40 × 1 என்று 40 த்ரெட் வீண். அந்த எக்ஸெப்ஷனை ரீட்ரையின் கண்டுகொள்ளாதே பட்டியலில் போடுங்கள். மாற்றுப் பதில் மெத்தடைப் பிரேக்கரில் கட்டினால், அது பதில் தந்துவிடுவதால் ரீட்ரைக்குத் தோல்வியே தெரியாது. வெளியே உள்ள ரீட்ரையில் கட்டுங்கள்.

கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் உங்கள் ஏபிஐ கேட்வேயும் மூன்று முறை முயல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்வே 3, சர்வீஸ் 3: மூச்சுத் திணறும் கூரியருக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 9 அழைப்பு. ஒரு இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மொத்தம் 2 முயற்சி. வாடிக்கையாளர் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் இந்த அழைப்புக்கு அட்டவணைக் கட்டணம் கையில் இருக்கும்போது ரீட்ரையே தேவையா என்றுகூட யோசிக்கலாம்.

பேமெண்ட் வேறு கணக்கு

இங்கேதான் அழுத்தத்துக்குப் பணியாதீர்கள். கட்டணம் கேட்பதில் டைம்அவுட் என்றால் தோல்வி. பணம் எடுப்பதில் டைம்அவுட் என்றால் "தெரியாது". பணம் போயிருக்கலாம்.

பிரேக்கர் திறந்து மறுத்தது, பல்க்ஹெட் நிரம்பி மறுத்தது, இணைப்பே கிடைக்காதது: இந்த மூன்றிலும் கோரிக்கை பேமெண்ட் கேட்வேயைச் சென்றடையவில்லை என்பது உறுதி. அப்போது இரண்டாவது கேட்வேக்குத் திருப்பிவிடலாம். படிக்கும்போது டைம்அவுட் ஆனாலோ, நடுவில் இணைப்பு அறுந்தாலோ, சர்வர் கோளாறைச் சொல்லும் 5 வரிசைப் பிழை (500, 502 போன்றவை) வந்தாலோ திருப்பக் கூடாது. அழைப்பதற்கு முன்பே உங்கள் டேபிளில் முயற்சி எண்ணோடு ஒரு பதிவு எழுதி கமிட் செய்யுங்கள். அந்த எண்ணையே கேட்வேக்கு மறுமுயற்சி அடையாளமாக அனுப்புங்கள். டைம்அவுட் வந்தால் "நிலுவையில்" என்று குறித்து, நிலை விசாரிக்கும் ஏபிஐயும், கேட்வே தானாக அனுப்பும் வெப்ஹுக் செய்தியும் முடிவு சொல்லும்வரை காத்திருங்கள். நிலை விசாரிப்பதற்குத் தனி பிரேக்கர் வேண்டும். பணம் எடுக்கும் வழி அடைபட்டபோது விசாரிக்கும் வழியும் சேர்ந்து அடைபடக் கூடாது. டைம்அவுட் இங்கே 2 வினாடி அல்ல. கேட்வே தன் ஆவணத்தில் சொல்லும் நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

திரையில் "தோல்வி, மறுபடி முயலுங்கள்" என்று போடுவதற்கு முன் யோசியுங்கள். கணக்கில் பணம் கழிந்து வணிகருக்கு உறுதி வராத இணையப் பரிவர்த்தனையை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. பொறுப்பு வங்கிகளுடையது என்றாலும், இரண்டு முறை பணம் போன வாடிக்கையாளர் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். இன்னொன்று: இப்போதுள்ள நேரடி ரெஸ்ட் டெம்ப்ளேட்டின் அடியில் இருக்கும் ஜாவாவின் பழைய எச்டிடிபி இணைப்பு, பதில் வராமல் இணைப்பு அறுந்தால் போஸ்ட் கோரிக்கையைத் தானே இன்னொரு முறை அனுப்பக்கூடியது. பேமெண்டுக்கு அதை வைத்திருக்காதீர்கள்.

உங்கள் சகாக்களின் யோசனைகள் இரண்டு மிச்சம். ரெடிஸ் வேண்டாம். பிரேக்கர் கேட்பதற்கே ஒரு வலை அழைப்பு என்றால் அந்த அழைப்புக்கு யார் பிரேக்கர்? நான்கு பாட்களும் தனித்தனியே 2.6 வினாடியில் கண்டுபிடிப்பது போதும். ஒரு பாட்டின் வலை மட்டும் கெட்டால் மற்ற மூன்றும் பாதிக்கப்படாமல் இருப்பது லாபமும்கூட. டீம் லீட் சொல்வதில் பாதி சரி. பல மெஷ்களின் உள்ளே ஓடும் என்வாயில் சர்க்கியூட் பிரேக்கர் என்ற பெயரில் இருப்பது உண்மையில் இணைப்பு, கோரிக்கை எண்ணிக்கைகளுக்கான உச்சவரம்பு. இயல்பு அளவு 1024, உங்கள் 200 த்ரெட்டுக்கு அது தடையே இல்லை. கெட்ட சர்வரை விலக்குவது அதன் அவுட்லையர் டிடெக்‌ஷன்: தொடர்ந்து ஐந்து 5 வரிசைப் பிழை வந்தால் 30 வினாடி விலக்கும். பல பிரதிகள் உள்ள உங்கள் உள் சர்வீஸ்களுக்கு அருமையான வசதி. ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருக்கும் கூரியருக்கு, அட்டவணைக் கட்டணம் தரும் வேலையை மெஷ் செய்யாது. இரண்டும் இருக்கட்டும்.

தீபாவளிக்கு முன் சோதனை. கூரியரை அணைத்துப் பார்ப்பது எளிய தேர்வு. உடனே இணைப்பு மறுக்கப்படும், எல்லாம் அழகாக வேலை செய்யும். நீங்கள் பார்க்கவேண்டியது தொங்கும் நிலை. ஸ்டேஜிங்கில் நடுவே வலைக் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் டாக்ஸிபிராக்ஸியை வைத்து 30000 மில்லிவினாடி தாமதம் ஏற்றுங்கள், சுமை சோதனைக் கருவியான கே6 கொண்டு வினாடிக்கு 40 செக்அவுட்டும் கூடவே 10 லாகினும் அனுப்புங்கள். டாம்கேட்டின் அளவுகளை வெளிக்காட்டும் எம்பீன் பதிவை இயக்கினால்தான் வேலையில் இருக்கும் த்ரெட் எண்ணிக்கை தெரியும். அது 40-ஐ ஒட்டி நின்று, பிரேக்கர் திறந்ததும் இறங்க வேண்டும். ஹிக்காரியில் காத்திருப்போர் பூஜ்யம். லாகின் நேரம் அசையக் கூடாது. அடுத்து பதில் மொத்தம் 1.7 வினாடியில் வரும்படி தாமதத்தைக் குறைத்துப் பாருங்கள். டைம்அவுட் ஆகாது, பிழையும் வராது. மெதுவான அழைப்பு என்ற கணக்கில் மட்டுமே அது திறக்கும். திறக்காவிட்டால் அமைப்பில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை. தாமதத்தை எடுத்த பிறகு கோரிக்கைகளையும் நிறுத்திவிட்டால் டாஷ்போர்டு மணிக்கணக்கில் "திறந்தது" என்றே காட்டும். பதற வேண்டாம், அடுத்த அழைப்பு வந்தால்தான் நிலை மாறும். அது தொல்லையென்றால் தானாகப் பாதி திறந்த நிலைக்குப் போகும் அமைப்பை இயக்கிவிடுங்கள்.